கெட்டது பையனா, பெண்ணா?

கிட்டார் வகுப்புக்குப் போன யாரும் இந்தப் பாட்டிடம் மாட்டாமல் திரும்பியிருக்க முடியாது. நான் மாட்டியது மந்தைவெளியில், ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில். முதல் மாதம் 'ஹேப்பி பர்த்டே'. இரண்டாம் மாதம் மாஸ்டர் நோட்டுத் தாளைக் கிழித்து ஏ மைனர், சி, டி, எஃப் என்று எழுதிக் கொடுத்தார். கார்டை மொத்தமாகத் தட்டக் கூடாது, ஒவ்வொரு தந்தியாக மீட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். தகிட தகிட என்று திஸ்ரத்தில் ஓடும் நடை. எஃப் கார்டு வந்தால் ஆள்காட்டி விரல் அத்தனை தந்திகளையும் சேர்த்து அமுக்க வேண்டும். எனக்கு அந்த இடத்தில் மட்டும் கிட்டார் இருமும்.

"யார் பாட்டு சார்?"

"அனிமல்ஸ். இங்கிலாந்து பாண்ட்."

அவ்வளவுதான் வரலாறு. 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' என்பது பாட்டின் பெயர். உதயசூரியன் என்றதும் நம் ஊரில் வேறு ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் அப்படி ஒரு பெயரில் ஒரு வீடு, அங்கே போய்க் கெட்டு அழிந்த ஒரு பையன், சூதாடி அப்பன், தையல்காரி அம்மா. கெட்டவன் மறுபடியும் அதே ஊருக்கே ரயிலேறுகிறான். காலில் இரும்புக்குண்டும் சங்கிலியும் மாட்டிக்கொள்ளத்தான் போகிறோம் என்று தெரிந்தே போகிறான்.

பல வருஷம் கழித்து இதே பாட்டின் இன்னொரு பதிவைக் கேட்டேன். 1937-இல் எடுத்தது. பதினாறு வயசுப் பெண் ஒருத்தி வாத்தியத் துணை எதுவும் இல்லாமல் பாடுகிறாள். பழைய தகட்டின் கரகரப்புக்கு நடுவே கணீரென்று ஒரு மலைக்கிராமத்துக் குரல். அவள் பாட்டில் பையனே இல்லை. சூதாடி அப்பனும் இல்லை. கெட்டுப் போனவள் பெண். அவளைக் கெடுத்தவன் குடிகாரக் காதலன்.

கச்சேரிக்குப் போகிறவர்கள் "இது எந்தப் பாடாந்தரம்?" என்று பக்கத்து நாற்காலியில் கிசுகிசுப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரே கீர்த்தனை, குருவுக்குக் குரு சங்கதி மாறும். ஆனால் அங்கே சாகித்யகர்த்தா யாரென்று தெரியும், முத்திரை இருக்கும். நாட்டுப்பாட்டில் முத்திரையும் கிடையாது, மூலமும் கிடையாது. பாடாந்தரம் மட்டும்தான் இருக்கும். அதனால் இந்தப் பாட்டின் சில பாடாந்தரங்களை வரிசையாக வைத்துக் கேட்டேன். கேட்டபோது என் காது ராகத்தையும் தாளத்தையும் விட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லைத் துரத்த ஆரம்பித்தது. பையனா, பெண்ணா?

தமிழில் "கெட்டேன்" என்று ஒருவர் சொன்னால் சொன்னது ஆணா பெண்ணா என்று வினைமுற்று காட்டாது. ஆங்கிலத்திலும் அப்படியே. ஆகவே இந்தப் பாட்டில் பாடுகிறவர் யார் என்பது ஓரசைச் சொல் ஒன்றில்தான் தொங்குகிறது. அதை மாற்றினால் பாட்டே புரண்டு படுத்துவிடுகிறது. "கெட்டுப்போன பையன்" என்று சொல்லிப் பாருங்கள். சகவாசம் சரியில்லை, கல்யாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான் என்று யாராவது ஒரு அத்தை சமாதானம் சொல்வாள். அதே அடைமொழியைப் பெண்ணுக்கு முன்னால் போட்டால் அந்த அத்தையே வாயை மூடிக்கொள்வாள்.

லேகியக்காரர் பாடியதும் சுரங்கத் தொழிலாளி மகள் பாடியதும்

இசைத்தட்டில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு 1933-ஐச் சேர்ந்தது. பாடியவர் கிளாரன்ஸ் 'டாம்' ஆஷ்லி, கூட க்வென் ஃபாஸ்டர். தலைப்பு 'ரைசிங் சன் ப்ளூஸ்'. ஆஷ்லி டென்னஸி மலைப்பகுதிக்காரர். மருந்து விற்கும் கோஷ்டிகளோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிக் கூட்டம் சேர்த்தவர். நம் ஊர் சந்தையில் லேகியம் விற்கிறவர் முதலில் மோடி வித்தை காட்டுவாரே, அந்த வேலைதான். தாத்தாவிடம் கற்ற பாட்டு என்று சொல்லியிருக்கிறார்.

கேட்டால் முதலில் சிரிப்பு வரும். கிட்டாரும் மவுத் ஆர்கனும் சேர்ந்து ஜோராகத் துள்ளுகின்றன. சோகமே இல்லை. ஏதோ ரயில் பயணத்தில் பொழுதுபோக்குக்குப் பாடுவதுபோல் பாடுகிறார். கெட்டவன் இங்கே பையன்தான். கோப்பையை நிரப்பு, ஊர்சுற்றிப் பயல்களின் நலத்துக்காகக் குடிப்போம் என்று ஒரு சரணம் போகிறது. இன்னொன்று, பெண் பிள்ளைகள் பேச்சை நம்பி ஏமாறாதீர்கள் என்று பையன்களுக்குப் புத்தி சொல்கிறது. கெட்டவன் தான், பழி மட்டும் அவள் தலையில்.

இதைக் கேட்டபோது என் கணக்கு ஒன்று பொய்த்தது. ஆதியில் இது பெண்ணின் பாட்டு, பின்னால் வந்த ஆண்கள் அபகரித்துக்கொண்டார்கள் என்று கட்டுரையை மனசுக்குள் எழுதி முடித்து வைத்திருந்தேன். பழைய தட்டிலேயே பையன் வந்து நிற்கிறான். ஆனால் அதற்கும் முன்னால் 1925-இல் ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் என்ற சேகரிப்பாளர் 'அட்வென்ச்சர்' என்ற பத்திரிகையில் நடத்திய பழம்பாட்டுப் பத்தியில் இந்தப் பாட்டின் வரிகள் அச்சாகியிருக்கின்றன. அச்சில் கிடைக்கும் பழைய வடிவம் அதுதான். அதில் பெண். ஆக அச்சில் பெண், தட்டில் பையன், நான்கு வருஷம் கழித்து மறுபடியும் பெண். எது மூலம் என்று பஞ்சாயத்து வைத்தால் தீர்ப்பு வராது. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே மலைத்தொடரில் புழங்கியிருக்க வேண்டும். சாராயக் கடையில் பாடியவர்கள் ஒரு மாதிரியும், அடுப்படியில் பாடியவர்கள் வேறு மாதிரியும் பாடியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

அடுப்படிப் பாட்டு நம் கைக்கு வந்த கதை இது. 1937 செப்டம்பர். ஆலன் லோமாக்ஸுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல்கள் சேகரிக்க, தட்டில் பதியும் கனத்த இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு மனைவி எலிசபெத்தோடு கென்டக்கி மலைகளில் சுற்றுகிறார். மிடில்ஸ்பரோ என்ற நிலக்கரி ஊரில் டில்மன் கேடில் என்பவர் வீட்டில் இயந்திரத்தை இறக்குகிறார். அக்கம்பக்கத்தில் பாடத் தெரிந்தவர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி ஜார்ஜியா டர்னர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். செப்டம்பர் 15 அன்று அவள் பாடியதுதான் நான் மேலே சொன்ன பதிவு.

மெட்டு இன்று நாம் கேட்கும் இருண்ட மெட்டு கிடையாது. ஆஷ்லியின் மெட்டுக்குச் சொந்தம்போல் கொஞ்சம் வெளிச்சமாகவே இருக்கும். ஆனால் பாடும் விதம் வேறு. சொல்லை இழுக்கிறாள், வரி முடிவில் குரலைச் சட்டென்று மேலே ஒடிக்கிறாள். அழவில்லை. அவள் நியூ ஆர்லியன்ஸைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற மலைப்பள்ளத்து ஊர் அது. (நிஜமாகவே பள்ளம், எப்போதோ விண்கல் விழுந்து உண்டான குழியில்தான் மிடில்ஸ்பரோ உட்கார்ந்திருக்கிறது.) தங்கச்சியிடம் சொல்லுங்கள், நான் செய்ததை அவள் செய்ய வேண்டாம் என்று வரும் இடத்தில் மட்டும் குரலில் ஒரு அவசரம் தெரிகிறது. பதினாறு வயசுக்காரிக்குத் தங்கச்சி என்ற சொல் வெறும் பாட்டுச் சொல்லாக இருந்திருக்காது.

லோமாக்ஸ் 1941-இல் வெளிவந்த 'அவர் சிங்கிங் கன்ட்ரி' தொகுப்பில் டர்னர் பெயரைப் போட்டே பாட்டை அச்சிட்டார். பெர்ட் மார்ட்டின் என்ற இன்னொரு கென்டக்கிக்காரர் பாடிய சில சரணங்களையும் சேர்த்துக்கொண்டார். பாட்டு மலையிறங்கியது.

இருண்டுபோன வெளிச்சம்

அதற்குப் பிறகு வந்தவர்களில் வுடி கத்ரி 1941-இல் பாடினார், லெட் பெல்லி நாற்பதுகளில் இரண்டு தடவை பதிந்தார். இரண்டையும் ஒரு தரம் கேட்டால் போதும். நின்று கேட்க வேண்டியவர் ஜாஷ் வைட்.

தெற்கு கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பாடகர். சின்ன வயசில் பார்வையற்ற தெருப்பாடகர்களுக்கு வழிகாட்டியாகக் கைபிடித்துக் கூட்டிப்போனவர். இந்தப் பாட்டை 1920-களில் ஒரு வெள்ளைக்கார மலைநாட்டுப் பாடகரிடம் கேட்டதாகச் சொன்னார். அது ஆஷ்லியாகவே இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வைட் செய்த காரியம், துள்ளலைக் கழற்றிவிட்டு மெட்டை மைனரில் கொண்டுபோய் வைத்தது. நம் காதுக்குப் பழக்கமான பாஷையில் சொன்னால், காந்தாரத்தை அரை ஸ்தானம் இறக்கினால் சங்கராபரணம் முகம் கௌரிமனோகரி பக்கம் திரும்புமே, அந்த மாதிரி ஒரு நிறமாற்றம். இன்றைக்கு உலகம் முழுக்க இந்தப் பாட்டென்று முணுமுணுக்கப்படுவது பெரும்பாலும் அவர் போட்ட இருட்டுதான். அறுபதுகளின் பாடகர்களுக்கு அந்த இருட்டு மிகவும் பிடித்துப்போனது. மலைக்காரர்கள் சோகத்தைத் துள்ளலோடு பாடிவிட்டுப் போனது படித்த நகரத்துப் பிள்ளைகளுக்கு ஒப்பவில்லை போலிருக்கிறது.

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் காபிக் கடைகளில் அப்போது டேவ் வான் ராங்க் ஒரு ஆலமரம். தாடியும் கரகரப்புமாக ப்ளூஸ் பாடுவார். அவருக்கு இந்தப் பாட்டு வந்த வழியைத் தன் நினைவுநூலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். டெக்ஸாஸ் பாடகி ஹாலி வுட் பதிந்த தட்டிலிருந்து கற்றார் (ஆமாம், பெயரே அதுதான், சினிமாவுக்கும் அந்த அம்மாளுக்கும் தொடர்பில்லை). ஹாலி வுட் கற்றது லோமாக்ஸின் தட்டிலிருந்து, அதாவது ஜார்ஜியா டர்னரிடமிருந்து. குருபரம்பரை சுத்தமாக இருக்கிறது.

வான் ராங்க் தன் பங்குக்கு கார்டுகளை மாற்றினார். கிட்டாரின் கீழ்ஸ்தாயித் தந்தியில் அடிநாதம் ஏ-யில் ஆரம்பித்து ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ என்று படிப்படியாக இறங்கும். ஜாஸில் சகஜம், நாட்டுப்பாட்டுக்காரர்களிடம் புதிது. கேட்டால் இருட்டில் கையால் சுவரைத் தடவிக்கொண்டு நிலவறைக்குள் இறங்குவதுபோலிருக்கும்.

அந்தப் படிக்கட்டு பாப் டிலனுக்குப் பிடித்துப்போனது. 1961 நவம்பரில் இருபது வயசு டிலன் தன் முதல் ஆல்பத்தைப் பதிந்துகொண்டிருந்தார். ஒருநாள் வான் ராங்கிடம் வந்து, உங்கள் பாணியில் அந்தப் பாட்டை என் தட்டில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நானே இன்னும் சில வாரத்தில் பதியப் போகிறேன், பொறுத்துக்கொள்ளேன் என்றார் இவர். டிலன் முகம் மாறியது. ஏற்கெனவே பதிந்து முடித்திருந்தார். 1962 மார்ச்சில் தட்டு வெளிவந்தது. அப்புறம் வான் ராங்க் எங்கே இந்தப் பாட்டைப் பாடினாலும், டிலன் பாட்டைப் பாடுகிறீர்களே என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நொந்துபோய்ப் பாடுவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச காலத்தில் அனிமல்ஸ் பதிவு வந்தது. டிலனிடம், அனிமல்ஸ் பாட்டைப் பாடுகிறீர்களே என்று கேட்டார்கள். அவரும் நிறுத்தினார். வான் ராங்க் கடைசிவரை இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சண்டையை விட்டுப் பாட்டுக்கு வருவோம். டிலன் பெண்ணாகத்தான் பாடுகிறார். மூக்கால் பாடும் இருபது வயசுப் பையன், சொல்லை மாற்றாமல் "பெண்" என்றே வைத்துக்கொண்டு, தன் காதலன் சூதாடி என்று பாடுகிறார். கூச்சமே இல்லை. மெதுவாகத் தொடங்கி, பாதிக்கு மேல் கத்துகிறார். வேஷம் கட்டிய நடிகர் பாத்திரத்துக்குள் போய்விட்ட மாதிரி இருக்கிறது. தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுகிறவருக்கு மீசை நிழல் தெரிந்தாலும் ஊர் அழுமே, அப்படி. அதே காலத்தில் ஜோன் பயஸ் 1960-இல் தன் முதல் ஆல்பத்தில் பாடியதும் பெண் வடிவம்தான். குரல் பளிங்கு. ஆனால் அந்தப் பளிங்கில் கெட்டுப்போனவள் யாரையும் எனக்குப் பார்க்க முடியவில்லை. தேவாலயத்தில் நின்று யாருக்காகவோ பிரார்த்திப்பதுபோல் இருக்கிறது. பயஸ் ரசிகர்கள் மன்னிக்க.

நீனா சிமோன் இரண்டு தடவை பாடினார். கிரீனிச் வில்லேஜில் 'வில்லேஜ் கேட்' அரங்கில் பாடி 1962-இல் வெளிவந்தது மெதுவானது. பியானோ கூடவே நடக்கிறது, அவசரமில்லாமல். 1967-இல் 'நீனா சிமோன் சிங்ஸ் தி ப்ளூஸ்' ஆல்பத்தில் இதையே விரட்டு விரட்டென்று விரட்டினார். எனக்கு முந்தையதுதான். தப்பு செய்தவள் குரலில் வெட்கம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இவர் குரலில் இருப்பது அலுப்பு. இந்தக் கதையை எத்தனை தடவைதான் சொல்வது என்கிற அலுப்பு.

ஒரே டேக், ஒரே பெயர்

இப்போது என் மாஸ்டரின் அனிமல்ஸ். நியூகாசில் நகரத்து ஐந்து இளைஞர்கள். எரிக் பர்டன் பாட்டு, ஆலன் பிரைஸ் ஆர்கன், ஹில்டன் வாலன்டைன் கிட்டார், சாஸ் சாண்ட்லர் பேஸ், ஜான் ஸ்டீல் டிரம்ஸ். 1964 மே மாதம் அமெரிக்காவின் சக் பெரியோடு பிரிட்டனில் சுற்றுப்பயணம். பெரியைப் போலவே ராக் அண்ட் ரோல் அடித்தால் அவர் முன்னால் எடுபடாது. எல்லாரும் வேகமாய் வாசிக்கும் மேடையில் நாம் மெதுவான ஒன்றை வைத்து முடிப்போம் என்று கணக்குப் போட்டார்கள். கூட்டம் கட்டுண்டது. மே 18 அன்று லண்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, மிக்கி மோஸ்ட் தயாரிப்பில், ஒரே டேக்கில் பதிந்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

எங்கிருந்து எடுத்தார்கள் என்பதில் குழுவுக்குள்ளேயே ஒற்றுமையில்லை. நியூகாசில் கிளப் ஒன்றில் ஜானி ஹாண்டில் என்ற உள்ளூர் நாட்டுப்பாடகர் பாடித்தான் கேட்டேன் என்பார் பர்டன். டிலன் தட்டிலிருந்துதான் என்பார் வாலன்டைன். காதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே நம்பும்படி இருக்கிறது, ஆனால் ஒரு வித்தியாசத்தை யாரும் மறைக்க முடியாது. டிலன்-வான் ராங்க் வடிவத்தில் அடிநாதம் இறங்கிக்கொண்டே போகிறது என்றேன் அல்லவா? அனிமல்ஸில் ஏ, சி, டி, எஃப் என்று ஏறுகிறது. அதே படிக்கட்டு, அவர்கள் இறங்கினார்கள், இவர்கள் ஏறுகிறார்கள். அதன்மேல் வாலன்டைனின் தந்தி தந்தியான மீட்டல், பிரைஸின் ஆர்கன் அலறல், பாதிக்குப் பிறகு முழு ஸ்தாயி மேலே தாவுகிற பர்டனின் குரல். இருபத்து மூன்று வயசில் அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்ததோ. மந்தைவெளி மாடியில் நான் கஷ்டப்பட்டது இந்த ஏறுபடியில்தான் என்று பிற்பாடுதான் புரிந்தது.

பெண்ணை எடுத்துவிட்டுப் பையனை வைத்தார்கள். அறுபதுகளின் வானொலியில் விலைமாதர் விடுதிக் கதையைப் பெண் குரலில் சொல்வதைவிட இது பத்திரம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் ஒரு சொல்லை மாற்றியதும் இன்னொன்று தானாக மாற வேண்டியதாயிற்று. சூதாடிக் காதலன் இருந்த இடத்தில் சூதாடி அப்பன் வந்து உட்கார்ந்தான். பெண் கெட்டால் காரணம் ஒருவனை நம்பியது. பையன் கெட்டால் காரணம் அப்பன் புத்தி. ஒன்று ஏமாற்றம், மற்றது பரம்பரை. வீடும் மாறிவிட்டது. பெண் பாடும்போது அந்த வீட்டில் அவள் என்ன வேலை செய்தாள் என்று நமக்குத் தெரிகிறது. பையன் பாடும்போது அது குடியா, சூதா, பெண்ணா என்று கேட்கிறவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. தங்கச்சிக்குச் சொன்ன எச்சரிக்கை, ஊர் அம்மாக்கள் எல்லாருக்குமான பொது அறிவிப்பாகிவிட்டது.

இருந்தும் பாட்டு அசைக்கிறது. அதை மறுத்தால் பொய். நாலரை நிமிஷம் ஓடும் தட்டு, மூன்று நிமிஷத்துக்கு மேல் வானொலி பொறுக்காத காலத்தில், ஜூலையில் பிரிட்டனில் முதலிடம், செப்டம்பரில் சுருக்கிய வடிவத்தோடு அமெரிக்காவில் முதலிடம்.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் "மரபுப்பாடல், வடிவமைத்தவர் ஆலன் பிரைஸ்" என்ற பொருளில் ஒரு பெயர்தான் இருந்தது. ஐந்து பேர் பெயருக்கும் இடம் போதாது என்று காரணம் சொல்லப்பட்டதாம். இடத்துக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். ஆனால் விஷயம் இடமல்ல. நாட்டுப்பாட்டுக்கு எழுதியவர் இல்லை. ஆகவே எழுதியவருக்குச் சேர வேண்டிய பணம், வடிவமைத்தவர் என்று பதிவுசெய்துகொண்டவருக்குப் போகும். வானொலியில் ஒவ்வொரு தடவை ஒலிக்கும்போதும் அந்த ஒரு பெயருக்குப் பணம். முதல் விநாடியிலேயே நாம் அடையாளம் காணும் அந்தக் கிட்டார் மீட்டலுக்கு, அதை வாசித்த வாலன்டைனுக்கு, அந்தக் கணக்கில் பங்கில்லை. அடுத்த வருஷம் பிரைஸ் குழுவை விட்டு விலகினார். பர்டன் இதைப் பற்றிப் பொருமாத பேட்டி குறைவு.

ஐந்து பேருக்கே இந்த நிலை என்றால் ஜார்ஜியா டர்னர்? கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார். அனிமல்ஸ் பாட்டு அமெரிக்க வானொலியில் முழங்கியபோது அவர் அந்த நாட்டில்தான் உயிரோடிருந்தார். லோமாக்ஸ் தரப்பிலிருந்து அவருக்குப் போய்ச் சேர்ந்த பணம் மிகச் சொற்பம். 1969-இல், நாற்பத்தெட்டு வயசில் இறந்தார். அவருடைய கதையை விரிவாகத் தோண்டி எடுத்தவர் டெட் ஆன்டனி என்ற பத்திரிகையாளர். இந்த ஒரே பாட்டின் பின்னால் வருஷக்கணக்கில் அலைந்து 2007-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

ஒரு வேடிக்கை: கென்டக்கியின் மிடில்ஸ்பரோவுக்கு அந்தப் பெயர் வந்ததே வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயரிலிருந்துதான். பிரிட்டிஷ் முதலீட்டில் உண்டான நிலக்கரி ஊர். அந்த மூல ஊரிலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால் நியூகாசில். அதுவும் நிலக்கரி ஊர். பாட்டு ஒரு சுரங்கத்தில் இறங்கி இன்னொரு சுரங்கத்தில் வெளியே வந்திருக்கிறது.

அந்த வீடு நிஜமாக இருந்ததா என்று கேட்காத ரசிகர் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் கான்டி தெருவில் 'ரைசிங் சன்' என்ற பெயரில் ஒரு விடுதி இருந்து 1822-இல் தீயில் அழிந்தது. 2005 வாக்கில் அந்த இடத்தைத் தோண்டியபோது மதுப் புட்டிகளோடு கன்னத்துச் சாயக் குப்பிகளும் கிடைத்தன. இதுதான் அது என்று சிலர் துள்ளினார்கள். குப்பியை வைத்துப் பாட்டை நிரூபிக்க முடியுமா? வான் ராங்கிடம் வேறொரு கதை உண்டு. நியூ ஆர்லியன்ஸில் ஒரு மதுக்கடையில் யாரோ பழைய புகைப்படக் கட்டு ஒன்றைக் காட்டினாராம். ஒன்றில் பயமுறுத்தும் ஒரு கல்வாசல், மேலே செதுக்கிய உதயசூரியன். இது என்ன என்று கேட்டால், பெண்கள் சிறை என்று பதில். இத்தனை காலம் தப்பான வீட்டைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறார். காலில் குண்டும் சங்கிலியும் அப்போதுதான் பொருந்துகிறது என்பது அவர் வாதம். பிரான்ஸில் ஜானி ஹாலிடே 1964-லேயே இதைப் பிரெஞ்சில் சிறைச்சாலைப் பாட்டாக மாற்றிப் பாடியிருந்தார், இந்தப் புகைப்படம் எதையும் பார்க்காமல்.

டெட்ராய்ட்டின் ஃப்ரிஜிட் பிங்க் குழு 1970-இல் கிட்டாரை இரைச்சலில் முக்கி எடுத்து இதை மறுபடியும் பிரபலமாக்கியது. காது கொய்யென்று ஆகிவிடும், தாண்டிப் போகலாம். தாண்டக் கூடாதவர் டாலி பார்ட்டன். 1980-இல் வந்த '9 டு 5 அண்ட் ஆட் ஜாப்ஸ்' ஆல்பம், பிழைப்புக்காகப் பார்க்கும் வேலைகளைப் பற்றியது. அந்த வரிசையில் இந்த வேலையையும் கொண்டுவந்து வைத்தார் பாருங்கள், அதுதான் சாமர்த்தியம். மற்றவர்கள் பூசி மெழுகியதை வெளிப்படையாகவே சொன்னார்: அம்மா சின்ன வயசில் போய்விட்டாள், ஆண்களை மகிழ்விப்பதுதான் என் தொழில். பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்தவர், அனிமல்ஸ் கூட்டிவந்த சூதாடி அப்பனை மட்டும் வெளியே அனுப்பவில்லை. பின்னணி பளபளவென்று டிஸ்கோ வாசனை அடிக்கும். அதுவும் ஆஷ்லியின் துள்ளலுக்கே திரும்பிப் போனதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பேருமே டென்னஸி மலைக்காரர்கள்.

கடைசியாக ஒன்று. பார்வையற்ற முதியவர்களின் பக்திப்பாடல் குழுவான 'பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா' 2001-இல் ஒரு குறும்பு செய்தார்கள். 'அமேசிங் கிரேஸ்' என்ற தேவாலயப் பாட்டின் சொற்களை அப்படியே எடுத்து இந்த வீட்டின் மெட்டில் பாடினார்கள். இரண்டுக்கும் ஒரே யாப்பு. எட்டசை, ஆறசை, எட்டசை, ஆறசை. அளவு சரியாக உட்கார்ந்துவிட்டது. இருந்த பாட்டின் வர்ணமெட்டில் புதுச் சொல் வைப்பது நமக்குத் தெரிந்த தொழில்தானே. கண்ணை மூடிக் கேட்டால், சொல் கோயிலுக்குப் போகிறது, மெட்டு அந்த வீட்டுக்குப் போகிறது. கெட்டது யார், பையனா பெண்ணா என்கிற கேள்வியே அங்கே இல்லை. பாவி என்ற ஒரே சொல்லில் எல்லாரும் அடக்கம்.

போன வருஷம் தங்கை மகள் யூடியூபைப் பார்த்துக் கிட்டார் பழக ஆரம்பித்தாள். அவளும் தப்பவில்லை, அதே ஏ மைனர், அதே எஃப் கார்டு, அதே இருமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "மாமா, இதுல 'பாய்'னு பாடணுமா 'கேர்ள்'னு பாடணுமா? நான் பாய் இல்லையே."

போனில் ஜார்ஜியா டர்னரைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள். "வாய்ஸ் சூப்பரா இருக்கு. ஆனா பாய்ஃப்ரெண்டுக்காக அழற லைன் வேணாம்." பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு சொல்லை அடித்து "கேர்ள்" என்று எழுதினாள். அப்பன் சூதாடி என்ற வரியைத் தொடவில்லை. டாலி பார்ட்டனை அவள் அதுவரை கேட்டதில்லை.

மறுபடி மீட்டினாள். எஃப் கார்டு இருமியது. அப்பா வருகிற வரியை மட்டும் கொஞ்சம் அழுத்தியே பாடினாள்.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். "ஏம்மா, நான் என்ன பண்ணேன்?"